ஒரு விதை மூட்டைக்குப் பின்னால் இருக்கும் பொதுப்பணம்: தேடிக் கண்டறியும் முறை

குறுவைக்கு நாற்றங்கால் விடும் ஜூன் மாதத்தில், வேளாண்மை விரிவாக்க மையத்தின் வாசலில் நிற்கும் ஒருவரிடம் அவர் கையிலுள்ள விதை மூட்டைக்கு அரசு எவ்வளவு செலவிட்டது என்று கேட்டால், ரசீதில் கழித்துக் காட்டப்பட்டிருக்கும் மானியத் தொகையைச் சொல்வார். அவர் சொல்வது தவறில்லை. ஆனால் அந்த மூட்டைக்குள் இருக்கும் நெல் ரகம் உருவாகப் பல நாடுகளின் கருவூலங்களிலிருந்து சென்ற பணத்தில் அந்த மானியம் கடைசித் துளி. பொருள் விற்கப்படும் இடத்தில் பொதுப்பணம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. அது உருவான இடங்களுக்கு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சென்றுதான் அதைப் பார்க்க முடியும்.

மன்னார்குடிப் பக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் களப்பணி அறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையில், ஏதாவது ஒரு தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு அதன் பணவழியை ஒரே தாளில் எழுதிவரச் சொல்வது என் வழக்கம். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். ஊராட்சி உறுப்பினரும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவரும், உள்ளூர்ச் செய்தியாளரும் இதே முறையைப் பின்பற்றலாம்.

முதலில், தேடும் பொருளைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். ‘செல்பேசி’ என்று எடுத்தால் மூழ்கிப்போவீர்கள். ‘செல்பேசியில் இடம் காட்டும் வசதி’ என்று எடுங்கள். ‘நவீன நெல்’ என்று எடுக்காமல் உங்கள் ஊரில் இந்தப் பருவம் நட்ட ஒரு ரகத்தை எடுங்கள். பிறகு தாளில் ஐந்து பத்திகளைக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: கட்டம், காலம், வேலையைச் செய்தவர், பணம் கொடுத்தவர், அதற்கான சான்று. கட்டம் என்பதில் அடிப்படை ஆராய்ச்சி, உருவாக்கம், களச் சோதனை, முதல் பெரிய கொள்முதல், பரவல் என்று வரிசையாக எழுதிக்கொள்ளலாம். வேலையைச் செய்தவரையும் பணம் கொடுத்தவரையும் தனித்தனிப் பத்திகளில் வைப்பதில்தான் இந்த முறையின் பயன் முழுவதும் இருக்கிறது. மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால் வருவதே.

சான்றட்டையிலிருந்து பின்னோக்கி

விதை மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள். நீல நிறமானால் அது சான்று விதை. அதற்கு முந்தைய தலைமுறையான ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, அதற்கும் முந்தைய வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை. ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத்திறன் எல்லாம் அதில் இருக்கும். பெயர் ‘ஏடிடி 43’ என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று எழுத்துகளும் ஆடுதுறையைக் குறிப்பவை. அங்கே 1922இல் தொடங்கப்பட்ட அரசுப் பண்ணைதான் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம். ஆக, ‘உருவாக்கம்’ என்ற கட்டத்துக்கு எதிரே செய்தவர் ஆடுதுறை நிலையம், காலம் 1998, பணம் கொடுத்தது மாநில அரசு என்று முதல் வரியை எழுதிவிடலாம்.

பெரும்பாலோர் இந்த வரியோடு தாளை மடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் ரகத்தின் பெற்றோரைத் தேடுங்கள். பல்கலைக்கழகம் வெளியிடும் ரகக் குறிப்புகளில் பெற்றோர் பெயர் எப்போதும் இருக்கும். ஏடிடி 43 என்பது ஐஆர் 50 என்ற ரகத்தையும் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியையும் இணைத்து உருவாக்கியது. ஐஆர் என்று தொடங்குபவை பிலிப்பைன்சின் லாஸ் பான்யோசிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள். 1960இல் அதைத் தொடங்கப் பணம் கொடுத்தவை ஃபோர்டு, ராக்பெல்லர் ஆகிய இரண்டு தனியார் அறக்கட்டளைகள். பிலிப்பைன்ஸ் அரசும் துணைநின்றது. 1971இல் சர்வதேச வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஏற்பட்டபின் பல நாட்டு அரசுகள் தங்கள் பங்கைச் செலுத்தத் தொடங்கின. ஆகவே இந்த வரியில் ‘பொதுப்பணம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அறக்கட்டளைப் பணமும் அரசுப் பணமும் எந்தெந்த ஆண்டில் வந்தன என்று பிரித்து எழுத வேண்டும்.

மற்றொரு பெற்றோரான பொன்னியின் கதை இன்னும் நீளமானது. என் மாணவர்கள் யாரும் அதை முதல் முறையிலேயே கண்டுபிடித்ததில்லை. வெள்ளைப் பொன்னி 1986இல் கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அது மலேசியாவின் மசூரி ரகத்திலிருந்து வந்தது. மசூரியின் பெற்றோர், தைவானின் தைச்சுங் 65, மலேசியாவின் மாயாங் எபோஸ் என்ற இரண்டு நெல்லினங்கள். அந்தக் கலப்பு நடந்த இடமோ மலேசியா அல்ல, ஒடிசாவின் கட்டாக். வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு 1946இல் அங்கே அமைக்கப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு ஜப்பானிகா, இண்டிகா என்ற இரண்டு பெரும் நெல் வகைகளைக் கலக்கும் பெருந்திட்டம் நடந்தது. உரத்துக்கு ஈடுகொடுத்து விளையும் நெல் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒடிசாவில் கருக்கொண்டு, மலேசியாவில் தேர்வுபெற்று, தமிழ்நாட்டுக்குத் திரும்பி, காவிரியின் பெயர்களில் ஒன்றைச் சூட்டிக்கொண்ட நெல் அது.

அதே திட்டத்தின் மற்றொரு குழந்தை ஏடிடி 27. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் குறுவைப் பரப்பை ஆக்கிரமித்த அந்த ரகத்தை வயதான உழவர்கள் இன்றும் ‘ஆடுதுறை 27’ என்று நினைவுகூர்வார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஜப்பானின் நோரின் 10. மற்றொன்று 1921இல் கோயம்புத்தூரில் வெளியான ஜிஇபி 24. இந்த மூன்று எழுத்துகள் சென்னை மாகாண ‘அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர்’ என்ற பதவியின் சுருக்கம். பணம் யாருடையது என்பது ரகத்தின் பெயரிலேயே இருந்தும், நூறு ஆண்டுகளாக நாம் அதை வெறும் எழுத்தாகவே வாசித்துவந்திருக்கிறோம்.

அந்தப் பெருந்திட்டத்தில் செய்யப்பட்ட ஏராளமான கலப்புகளிலிருந்து வயலுக்கு வந்து நிலைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க ரகங்களே. உங்கள் தாளில் ‘தோல்வி’ என்று ஒரு சிறு குறிப்பை இந்த இடத்தில் எழுதுங்கள். பல ஆண்டுகள் செலவிட்டு நான்கைந்து ரகங்களோடு திரும்பும் வேலையை லாபம் பார்த்து நடக்கும் நிறுவனம் எதுவும் தொடர்ந்து செய்திருக்காது என்பது என் கணிப்பு. ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் ஏன் தேவை என்று கேட்பவருக்கு, வெற்றி பெற்ற ரகங்களின் பட்டியலைவிடக் கைவிடப்பட்ட கலப்புகளின் எண்ணிக்கைதான் நல்ல பதில்.

இன்னொரு பத்தியையும் நான் சேர்க்கச் சொல்வதுண்டு: உழவர் பங்கு. ஜிஇபி 24, கிச்சிலிச் சம்பா வயலில் தானாக மாறி நின்ற ஒரு செடியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. சம்பாப் பருவத்தில் வெள்ளம் தேங்கும் பகுதிகளில் நடப்படும் சிஆர் 1009 சப் 1 ரகத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கியிருந்தாலும் பயிரைக் காப்பாற்றும் மரபணு, எஃப்ஆர் 13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து வந்தது. அந்த நெல்லின் தோற்றுவாய், அங்குள்ள உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பேணிய நாட்டு நெல். அந்த மரபணுவைப் பிரித்தறிந்து 2006இல் வெளியிட்ட ஆய்வுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையின் நிதி உதவியது. அதைச் சேர்த்த ரகங்களைத் தெற்காசியாவில் பரப்பப் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. முதல் முதலீட்டைப் போட்ட அந்த உழவர்களுக்கோ எந்தக் கணக்கிலும் ஒரு வரி இல்லை. அந்தப் பத்தியில் ரூபாய் எழுத முடியாது. ஆனாலும் அது காலியாகக் கிடக்கக் கூடாது.

இந்தப் பணவழி விதையோடு நிற்பதில்லை. குறுவை அறுவடை மழையில் அகப்பட்டு ஈர நெல் குவியத் தொடங்கிய காலத்தில், 1967இல் திருவாரூரின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைந்தது. அது நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, இன்று ஒன்றிய உணவு பதப்படுத்தும் தொழில்துறை அமைச்சகத்தின்கீழ் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஒரு தொழில்நுட்பம் தோற்றுவிக்கும் புதுச் சிக்கலைத் தீர்க்க மறுபடியும் பொதுப்பணம் செல்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியின் கிண்ணத்தில் கொட்டி மூடியைத் திருகியதும் எண் ஏறுகிறது. வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டி அது 19இல் நின்றுவிட்டால், களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டு நிற்பவரின் முகத்தில் தெரிவதை எந்தத் தாளின் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

காப்புரிமையும் நன்றியுரையும்

விதைக்குப் பெற்றோரைத் தேடியதுபோல மின்னணுப் பொருளுக்குக் காப்புரிமை ஆவணத்தையும் நிதி தந்தவரைக் குறிப்பிடும் ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையையும் தேட வேண்டும். அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டத்தின்படி, அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்பின் காப்புரிமையில் அந்த உண்மையைத் தெரிவித்தே ஆக வேண்டும். கூகுள் தேடலுக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமையைத் திறந்து பார்த்தால், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நல்கை (ஆராய்ச்சிக்காக வழங்கும் நிதி) உதவியதென்றும் அரசுக்கு அதில் சில உரிமைகள் உண்டென்றும் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். பெயரில் அறக்கட்டளை என்றிருந்தாலும் அது அமெரிக்க அரசின் நிறுவனம். பெயரை மட்டும் பார்த்துத் தனியார் பத்தியில் போட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் இத்தகைய சட்டம் கொண்டுவர 2008இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவில்லை. அதனால் இங்கே நன்றியுரையையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

செல்பேசியின் இடங்காட்டும் வசதிக்கு எழுதும் தாள் சுருக்கமாகவே முடியும். ஜிபிஎஸ் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் திட்டம். முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது, முழுமையான சேவை 1995இல் வந்தது, பொதுமக்களுக்கான துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த ஏற்பாடு 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. இதேபோல் இடம் காட்டும் இந்தியாவின் நாவிக் அமைப்புக்கு 2006இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. முதல் செயற்கைக்கோள் 2013இல் சென்றது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969இல் அதே பாதுகாப்புத் துறைப் பணத்தில் பிறந்தது. வைய விரிவு வலை பல அரசுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் ஆய்வகத்தில் உருவாகி, 1993 ஏப்ரலில் கட்டணமின்றி உலகுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவ்வளவையும் எழுதியபின், எல்லாமே அரசுப் பணம்தான் என்ற முடிவுக்கு மாணவர்கள் தாவிவிடுவார்கள். அதற்கு மாற்று மருந்தாக லித்தியம் மின்கலத்தை எழுதச் சொல்வேன். 1970களில் அதன் தொடக்க வேலை எக்சான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்தது. 1980இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அடுத்த படி. 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி. டிரான்சிஸ்டரும் 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அது தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம். ஆனால் ஒரே சில்லில் பல டிரான்சிஸ்டர்களைச் சேர்த்த தொகுப்புச் சுற்றுகள் விலை அதிகமாக இருந்த 1960களில் அவற்றை மொத்தமாக வாங்கியவை அமெரிக்க விமானப்படையும் நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டமும். ‘முதல் பெரிய கொள்முதல்’ என்ற கட்டத்தைத் தாளில் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்: ஆராய்ச்சிக்கு நல்கை கொடுக்காமலேயே, வாடிக்கையாளராக நின்றும் அரசு ஒரு தொழில்நுட்பத்தை வளர்த்துவிட முடியும்.

செயற்கைக்கோள் யாருடையது, பணம் யாருடையது

நாகப்பட்டினம், பூம்புகார்க் கரைகளில் மீனவர்களுக்கு வரும் மீன்வளம் மிகுந்த பகுதி அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டரில் மீன் கூடும் வாய்ப்பு அதிகம், அங்கே ஆழம் எவ்வளவு என்று அது சொல்கிறது. கடல்மேற்பரப்பின் வெப்பநிலையையும் நீரிலுள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியாக அளந்து, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதைத் தயாரிக்கிறது. அறிவிப்பைப் பெறுபவர் இஸ்ரோவின் பெயரைச் சொல்வார். மையமோ புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோள் இதற்கு இன்னும் தெளிவான சான்று. அதைக் கட்டியதும் ஏவியதும் இஸ்ரோ. முழுச் செலவையும் ஏற்றது புவி அறிவியல் அமைச்சகம். விண்வெளித் துறையின் கணக்கில் மட்டும் தேடுபவருக்கு அந்தப் பணம் கிடைக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுவதற்கு முன் மக்களை வெளியேற்ற முடிந்ததற்குப் பின்னாலும் இப்படிப் பல துறைகளின் செலவு பின்னிக் கிடக்கிறது. ஒரே துறையின் பெயரை எழுதிவிட்டு நிறுத்தினால் தாள் பொய் சொல்லும்.

கணக்கைத் திறப்பது

மாநில அளவில் முதலில் பார்க்க வேண்டியது வேளாண்மை – உழவர் நலத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையோடு (துறையின் செலவுக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் ஆவணம்) வைக்கப்படும் அது தமிழிலேயே கிடைக்கிறது. திட்டவாரியாகத் தொகையும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையும் வைக்கப்படுகிறது. ஒன்றிய அளவில் வேளாண் ஆராய்ச்சி – கல்வித் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் – தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் மானியக் கோரிக்கைகளைப் பாருங்கள். எந்த ஆவணமானாலும் ஒரே திட்டத்துக்கு மூன்று எண்கள் இருக்கும்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. மேடையில் பேசப்படுவது முதல் எண். நீங்கள் எழுத வேண்டியது மூன்றாவது எண். உண்மைச் செலவு இரண்டு ஆண்டுகள் கழித்தே அச்சாகும் என்பதால், பொறுமையற்றவர்கள் முதல் எண்ணோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள்.

மானியத்தையும் ஆராய்ச்சி நிதியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் வழங்க 1,261 கோடி ரூபாயில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தில், டிரோனின் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்கிறது. அது பரவல் கட்டத்துச் செலவு. டிரோனை உருவாக்கியது அந்தப் பணம் அல்ல. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு 2020–21இல் உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமாகத்தான் இருந்தது. அதில் தனியார் துறையின் பங்கு 36.4 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டால், ஒரு திட்டத்தின் தொகை பெரிதா சிறிதா என்று ஒப்பிடலாம்.

அச்சான ஆவணங்களில் கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பிரிவு 6(1)இன்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, மாநில அலுவலகமானால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவு வசதியுடன் விரைவஞ்சலில் அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கேள்வியின் வடிவம்தான் இதில் எல்லாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு, ‘இந்த ரகத்தை உருவாக்க எவ்வளவு அரசுப் பணம் செலவானது?’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். 29ஆம் நாள், ‘அவ்வாறான தகவல் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபத்தில் மேல்முறையீடு எழுதத் தொடங்கியபின்தான், பிழை என்னுடையதும்தான் என்று உறைத்தது. அலுவலகம் தன்னிடம் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டுமே தவிர, நமக்காகப் புதிதாகக் கணக்குப் போட வேண்டிய கடமை அதற்கு இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் இப்படிக் கேட்டேன்: ‘மேற்படி ரகம் தொடர்பாக இந்த நிலையத்தில் நடந்த ஆராய்ச்சித் திட்டங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நிதி வழங்கிய நிறுவனம், திட்டக் காலம், ஒப்புதல் ஆணையின் நகல், நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழின் நகல்.’ இந்த முறை பதினோரு பக்கங்கள் வந்தன.

அந்தப் பக்கங்களில் கவனிக்க வேண்டிய சொல் ‘கடன்’. உலக வங்கி உதவி என்று பலகையில் எழுதியிருக்கும் திட்டங்களில் பலவும் நாம் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அதை வெளிநாட்டு உதவி என்ற பத்தியில் எழுதாமல் நம் பொதுப்பணமாகவே எழுத வேண்டும்.

கடைசியாக, தாளின் பின்பக்கத்தில் ‘மக்களுக்குத் திரும்பியது என்ன’ என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதுங்கள். நெல்லைப் பொறுத்தவரை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு – உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்கவும், மறுபடி விதைக்கவும், வணிகப் பெயரிடாமல் பிறருக்கு விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. இழந்ததையும் அங்கேயே எழுதலாம்: உயர்விளைச்சல் ரகங்கள் பரவியபோது மாப்பிள்ளைச் சம்பா போன்ற பல நாட்டு ரகங்கள் வயலைவிட்டுப் போயின, அவற்றைத் தேடித் திரட்டிய வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர், அரசு நிலையம் எதிலும் இல்லாத திருத்துறைப்பூண்டி வட்டத்து உழவரான நெல் ஜெயராமன்.

தாளின் அடியில் தேதியைப் போட்டு, கிளை நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு நகலை வைத்துவிடுங்கள். உண்மைச் செலவு அச்சானதும் பென்சிலால் எழுதிய எண்ணை அழித்துவிட்டு மையால் எழுதலாம். ஏடிடி 43க்கு என்னிடம் உள்ள தாளில், களச் சோதனைக்கு நிலம் கொடுத்த உழவர்களுக்கு அந்தப் பருவத்தில் என்ன கிடைத்தது என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது; அதற்கான விண்ணப்பத்தைச் சென்ற வாரம்தான் அஞ்சலில் சேர்த்தேன்.